இரத்த அழுத்தத்திற்குக் கஷாயமா, மாத்திரையா?

அங் மோ கியோ மகன்:
என் தாயாருக்கு வயது 71. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் கணுக்கால்கள் வீங்கி, செருப்பு வாரின் தடம் தோலில் பதியும் அளவுக்குப் போய்விட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய மருதம்பட்டைப் பொடியை இரண்டு மாதங்களாகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன், வீக்கம் வடிந்துவிட்டது. முன்னோர் கையாண்ட மூலிகைகளை மருத்துவர்கள் ஏன் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை?

ஓய்வுபெற்ற தாதி:
வீக்கம் வடிந்தது மாத்திரையை நிறுத்தியதால்தான் ஐயா. அது அம்லோடிபினுக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவு. சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள் அல்லது வேறு மாத்திரை தந்திருப்பார்கள். வீக்கத்தைச் சொன்ன நீங்கள் அழுத்தம் எவ்வளவு என்று சொல்லவில்லையே? பொடியில் வேறு என்ன கலந்திருக்கிறது? பல சூரணங்களில் சேரும் அதிமதுரம், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

அங் மோ கியோ மகன்:
மூலிகை என்றாலே ஐயப்படுவது முறையா அம்மா? சர்ப்பகந்தி வேரின் குணம் நம் வைத்தியர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய பிறகே மேலைநாட்டார் அதன்பால் திரும்பினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
அந்த வேரே என் கட்சிக்கும் சாட்சி. ரெசர்பின் வழக்கமாக நாளுக்குக் கால் மில்லிகிராமைத் தாண்டாது. அதற்கே சிலருக்கு மூக்கடைப்பும் மனச்சோர்வும் வந்தன. வீரியம் வேருக்கு வேர் மாறும்போது, கரண்டியால் அள்ளும் பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று யார் சொல்வது? வக்கீல் நோயாளிகளின் அழுத்தத்தை அளந்து எழுதியதால்தான் உலகம் நம்பியது.

ஈசூன் குடும்பத்தலைவி:
என் கணவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரசத்தில் பூண்டு சேர்க்கலாம், ஆனால் இரத்தக்கசிவு கூடக்கூடும் என்பதால் பூண்டு மாத்திரை கூடாது என்றார் மருந்தாளர். சிறுநீரகம் பழுதானவர்கள் முருங்கைக்கீரையையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி.

அங் மோ கியோ மகன்:
நேற்றிரவு அண்டை வீட்டுக் கருவியில் மூன்று முறை அளந்தேன்: 168/94, 164/92, 166/94. அம்மாவுக்குத் தலைவலிகூட இல்லை என்பதால் நான் தைரியமாக இருந்துவிட்டேன். நாளைக் காலையிலேயே அழைத்துச் செல்கிறேன். ஆயினும் என் மனக்குறை தீரவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு மருத்துவராவது, “வீட்டில் வேறு என்ன குடிக்கிறீர்கள்?” என்று அம்மாவைக் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
அந்தக் குறை நியாயமானது, கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் பொடிப் பொட்டலத்தை மருத்துவரின் மேசைமேல் வையுங்கள், கணுக்கால் வீங்கியதையும் சொல்லுங்கள். அதற்குள் நெஞ்சுவலியோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ தெரிந்தால், விடியும்வரை காத்திராமல் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழையுங்கள்.