2020 மார்ச் 9 அன்று நிஃப்டி ஃபியூச்சர்ஸில் (நிஃப்டி பங்குக் குறியீட்டின் மேல் போடும் முன்பேர ஒப்பந்தம்) எந்தப் பக்கம் இருந்தீர்கள், வாங்கியா விற்றா?

ஈரோட்டிலிருந்து:

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வியன்னாவில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் அமைப்பு ரஷ்யாவுடன் நடத்திய பேச்சு முறிந்தது. வார இறுதியில் சவுதி எண்ணெய் விலையைக் குறைத்தது. திங்கள் காலை பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 31 டாலர் வரை இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு, விலை விழுந்தால் நமக்கு நல்லது, காலைச் சரிவு மதியத்துக்குள் மீண்டுவிடும் என்று நிஃப்டி 10,700 அருகே ஒரு லாட் (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) வாங்கினேன். ஸ்டாப் லாஸ் (நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டால் தானாக வெளியேற்றும் ஆர்டர்) போடவில்லை.

அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்ரோல் விலை இனிக் குறையுமா தம்பி?" என்று கேட்டார். என் திரையில் ரிலையன்ஸ் பத்து சதவீதத்துக்கும் மேல் விழுந்திருந்தது. "குறையும் அப்பா" என்றேன். என் குரலில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிடம்தான் 10,380-ல் விற்றேன். 320 புள்ளி, லாட்டுக்கு 75 யூனிட், ஆக 24,000 ரூபாய் நஷ்டம். மார்ச் 14 அன்று கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் ஏற்றினார்கள். அந்தச் செய்தியையும் அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார்.

மதுரையிலிருந்து:

என்னுடையது அதே வாரம் வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி. முந்தைய நாள் 868 புள்ளி விழுந்த சந்தை. திறந்ததும் 9,000 அருகே ஷார்ட் போனேன் (விலை விழும் என்று முதலில் விற்றேன்). சில நிமிடங்களில் பத்து சதவீதச் சர்க்யூட் (குறியீடு அவ்வளவு விழுந்தால் வணிகத்தை நிறுத்தும் ஏற்பாடு), வணிகம் 45 நிமிடம் நின்றது. திரையில் சுமார் 28,000 ரூபாய் லாபம் அசையாமல் நின்றது. எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து மகளின் பள்ளிக் கட்டணச் சீட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்து வைத்தேன். வணிகம் தொடங்கியதும் நிஃப்டி 8,555 வரை இறங்கியது. இன்னும் விழும் என்று காத்திருந்தேன். திரும்பி ஏறத் தொடங்கியது நிற்கவே இல்லை. 9,400-ல் மூடும்போது 30,000 நஷ்டம். அன்று சந்தை முடிந்தது 9,955-ல். மனைவி வந்து, "இதை ஏன் வெளியே எடுத்தீர்கள்?" என்று கேட்டுச் சீட்டை மடித்து உள்ளே வைத்தாள்.

ஈரோட்டு நண்பரே, எண்ணெய்மேல் பழி போடாதீர்கள். அந்த வாரம் விற்றது கொரோனா பயம்.

சென்னையிலிருந்து:

இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தத் திங்கள் நிஃப்டி 538 புள்ளி விழுந்தது. ரிலையன்ஸ் மட்டும் 12 சதவீதம் போனது. எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசியும் பலத்த அடி வாங்கியது. குறியீட்டில் ரிலையன்ஸுக்கு இருக்கும் எடையைப் பார்க்காமல் நிஃப்டி வாங்கியவர், தெரியாமலேயே எண்ணெயையும் சேர்த்து வாங்கியிருக்கிறார். போதாததற்கு, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்த எஸ் பேங்க் விவகாரம் வேறு.

'எண்ணெய் விழுந்தால் இந்தியா ஏறும்' என்பது சில காலம் மட்டுமே பலித்த கணக்கு. 2014 இரண்டாம் பாதியில் எண்ணெய் சரியச் சரிய நிஃப்டி ஏறியது. அதே எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனபோது நிலைமை வேறு. வெளிநாட்டு நிதிகள் விற்றன, பிப்ரவரியில் நிஃப்டி 7,000-க்குக் கீழே வந்தது. வரத்து பெருகி விலை இறங்குவது ஒன்று, உலகமே வாங்குவதை நிறுத்தி இறங்குவது இன்னொன்று. 2020-ல் இரண்டும் சேர்ந்து வந்தன. எனவே காலையில் பிரெண்டை மட்டும் பார்க்காதீர்கள், டாலர் மதிப்பையும் கிஃப்ட் நிஃப்டியையும் (2023 வரை சிங்கப்பூரில் நடந்த நிஃப்டி ஃபியூச்சர்ஸ்) பாருங்கள். ஸ்டாப் லாஸை மனத்தில் வைக்காதீர்கள், ஆர்டராகவே போடுங்கள். மறுநாள் விடுமுறை என்றால் (அந்தச் செவ்வாய் ஹோலி) அளவைப் பாதியாக்குங்கள், ஒரே லாட் என்றால் ஒதுங்கியே இருங்கள். மதுரை நண்பருக்கும் சொல்கிறேன், சர்க்யூட்டுக்குப் பின் வரும் முதல் ஐந்து நிமிடம் நம்முடையது அல்ல, கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நான் அன்று ஷார்ட்டில் இருந்து 40 புள்ளியில் வெளியேறினேன். அவ்வளவுதான்.

திருச்சியிலிருந்து:

தலைப்புக்குச் சற்று விலகியது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மைத்துனர் 2020 ஏப்ரல் 20 அன்று எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு லாட், 100 பீப்பாய், 965 ரூபாய் அருகே வாங்கினார். ஊரடங்கால் வணிகம் மாலை 5 மணிக்கே முடிந்தது. இரவு அமெரிக்காவில் மே மாத எண்ணெய் ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தபோது இங்கே விற்க வழியே இல்லை. மறுநாள் நிஃப்டி 280 புள்ளி விழுந்த சந்தையில் நான் என் லாட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். அவர் கைபேசியை நீட்டி, "மாப்பிள்ளை, விலைக்கு முன்னால் ஒரு கோடு இருக்கிறதே, இது அச்சுப் பிழைதானே?" என்றார். எம்சிஎக்ஸ் அறிவித்த முடிவு விலை மைனஸ் 2,884. 965-லிருந்து அதுவரை 3,849 ரூபாய், அதை நூறால் பெருக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால்குலேட்டரில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

கணக்கில் இருந்த மார்ஜின் (முன்பணம்) போக மீதியைத் தரகர் ஒரே வாரத்தில் கேட்டார். அந்த ஒப்பந்தத்தில் மாட்டிய யாராவது தவணையில் கட்ட அனுமதி வாங்கினீர்களா?