சாலை உப்பிலிருந்து பைக்கை எப்படிக் காப்பாற்றுவது?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறேன். இரவு வேலைக்குப் போய்வர 125 சிசி பைக்தான், பஸ் கிடையாது. இங்கே பைக்கோடு இது எனக்கு முதல் குளிர்காலம்.

உறைபனி வரும் என்றாலே மாலையில் லாரி வந்து பழுப்பு நிறக் கல்லுப்பைத் தூவிவிட்டுப் போகிறது. பனிக்கட்டி பிடிக்காமல் இருக்க அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆறே வாரத்தில் செயின் செம்மண் நிறமாகிவிட்டது. எஞ்சின் மூடியில் பெயிண்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது. நகத்தால் தட்டினால் பெயிண்ட் உதிர்ந்து, அடியில் வெள்ளைப் பொடி. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். சூடு பட்டால் உப்பு இன்னும் வேகமாக அரிக்கும், முதலில் பச்சைத் தண்ணீர்தான் என்று ஒரு அண்ணன் சொன்ன பிறகு மாற்றிக்கொண்டேன்.

இப்போது கேள்வி. ஏசிஎஃப்-50 என்ற துருத் தடுப்பு ஸ்ப்ரே அடிப்பவர்கள் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை அடிக்கிறீர்கள்? பிரேக் டிஸ்க்கில் படாமல் எப்படி மறைக்கிறீர்கள்? பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை நாமே சுத்தம் செய்யலாமா, மெக்கானிக்கிடம் விடுவதா?

அப்புறம் ஹெல்மெட் கண்ணாடி. முன்னால் போகும் கார் தெளிக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து படலமாகிவிடுகிறது. காலையில் திரும்பும்போது தாழ்ந்த வெயில் எதிரே அடித்தால் சில நொடி ஒன்றுமே தெரிவதில்லை. கையுறையால் துடைத்துக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். ஓட்டும்போது என்ன செய்வீர்கள்? இதற்கு முதலில் பதில் சொன்னால் நன்றாக இருக்கும், நாளை இரவும் வேலை இருக்கிறது.