ஆயில் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றும்போது தரையெல்லாம் எண்ணெயாகாமல் இருக்க என்ன வழி?

கன்னங்குறிச்சி கார்க்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பத்து வயதைக் கடந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறையேனும் ஏற்காட்டுக்குப் போய்வர வேண்டிய வேலை இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும் இன்ஜினுக்கு, கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டரை எட்டும் முன்பே எண்ணெயை மாற்றிவிடுவது என் வழக்கம். இதுவரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் முதன்முறையாக நானே செய்து பார்த்தேன்.

இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் சேம்பரின் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்கியதில் பெரிய சிக்கல் ஏற்படவில்லை. சொட்டுவது முழுவதும் நின்ற பிறகுதான் ஃபில்டரில் கை வைத்தேன். அப்படியிருந்தும் அதை ஒரு சுற்றுக் கழற்றியவுடன் எண்ணெய் பொங்கி வழிந்து, அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தின்மேல் ஓடி, நான் பேசின் வைத்திருந்த இடத்தைத் தவிர மற்ற ஆறு இடங்களில் சொட்டியது. என் முழங்கை வழியாகவும் ஒரு கோடு இறங்கியது. அம்மா கோலம் போடும் வாசலில் இரண்டடி அகலத்துக்குக் கறை படிந்து, இன்றுவரை அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் முழுவதும் வடிந்த பிறகும் ஃபில்டருக்குள் இவ்வளவு எப்படி மிஞ்சியது? அதைச் சிந்தாமல் பிடிக்க முடியுமா? கேனில் சேர்த்து வைத்திருக்கும் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய டிப்போ ஆள் எழுதியது:

ஐயா, பேருந்துப் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஃபில்டர் பழுதானது அல்ல. அது செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. ஃபில்டரின் வாய்ப்பக்கம், சுற்றிலும் உள்ள சிறு துளைகளுக்குப் பின்னால், மெல்லிய ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். இன்ஜினை அணைத்த பிறகு ஃபில்டரில் இருக்கும் எண்ணெய் சேம்பருக்குத் திரும்பி ஓடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லையென்றால், மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும்போது ஃபில்டர் நிறையும்வரை பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேராது. படுக்கைவாட்டில் பொருத்திய ஃபில்டரில் இந்த வால்வு இல்லாமல் முடியாது. ஆகவே சேம்பர் காலியாகி ஒரு மணி நேரம் ஆனாலும், ஃபில்டருக்குள் ஒரு டம்ளர் எண்ணெய் அப்படியே நிற்கும். ஃபில்டரின் வாயைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தின் பிடி தளர்ந்தவுடன் அது வெளியேறும். படுக்கைவாட்டில் இருப்பதால் நேராக விழாமல் இன்ஜினின் உடம்போடு ஒட்டிக்கொண்டே ஓடும். எண்ணெய்க்கு இரும்பைப் பற்றிக்கொண்டு ஓடும் குணம் உண்டு. பேசினை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் அது சொட்டும். அதனால் தரையில் பிடிப்பதைக் காட்டிலும் ஃபில்டரின் வாயிலேயே பிடிப்பதுதான் வழி.

அரிசி மூட்டையின் உள்ளே வரும் கனமான பாலித்தீன் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கடை மெல்லிய பை வேண்டாம்; அதைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை செய்துவிட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்க, சைலன்சர் குழாய் சூடாக இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் ஸ்பேனரால் முதலில் இறுக்கத்தை மட்டும் உடையுங்கள். கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இனிக் கையால் திருப்பலாம், ஆனால் எண்ணெய் இன்னும் வெளியே வரவில்லை என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். பிறகு உறையை ஃபில்டரின்மேல் முழுவதுமாக மாட்டி, அதன் வாயை இன்ஜின்மீது ஃபில்டர் உட்காரும் முகப்பில் கீழ்ப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, உறைக்கு வெளியிலிருந்தே ஃபில்டரைப் பிடித்துத் திருப்புங்கள். வழியும் எண்ணெயும் கழன்ற ஃபில்டரும் உறைக்குள்ளேயே விழும். சட்டம் நடுவில் குறுக்கிட்டு உறையின் வாய் சரியாக உட்காரவில்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நீளவாக்கில் வெட்டி, ஓடு போலச் சட்டத்தின்மேல் சாய்த்து வைத்தால் எண்ணெய் அதன் வழியே பேசினுக்குப் போகும்.

கழற்றியவுடன் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில சமயம் அது இன்ஜின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை ஏற்றினால் வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பியவுடன் அழுத்தம் தாங்காமல் மொத்த எண்ணெயையும் தரையில் கொட்டிவிடும். சென்ற மாதம் உங்கள் வாசலில் ஆனது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முகப்பைத் துணியால் துடைத்து, புதிய வளையத்தில் விரலால் புது எண்ணெய் தடவி, கையால் மரையேற்றி, வளையம் முகப்பைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஸ்பேனர் போட்டு இறுக்குகிறவர்கள்தான் அடுத்த முறை கழற்ற முடியாமல் என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள்.

சூரமங்கலம் ஸ்பேனர் எழுதியது:

ஐயா சொன்ன உறை நல்ல யோசனைதான் என்றாலும், அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஃபில்டரைக் கழற்றும் முன்பே அதன் தாழ்ந்த பக்கத்தில் ஓர் ஆணியால் துளையிட்டு, காற்றுப் போக மேலே இன்னொரு துளையும் இட்டுவிட்டால், உள்ளே நிற்கும் எண்ணெய் நேராகப் பேசினில் வடிந்துவிடும். காலி ஃபில்டரைப் பிறகு நிதானமாகக் கழற்றலாம். தூக்கி எறியப்போகும் பொருளில் துளை விழுந்தால் என்ன நட்டம்?

பழைய டிப்போ ஆள் எழுதியது:

தம்பி, ஃபில்டர் கழலும் என்று உறுதியாகத் தெரிந்தால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் யாரோ இறுக்கித் தொலைத்த ஃபில்டர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கழல மறுத்தால், துளை விழுந்த ஃபில்டரோடு அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போக முடியாது. கட்டி இழுத்துத்தான் போகவேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்புகிறவர்களுக்கும் இதேதான்: தகரம் கிழியும், அடிவட்டு மட்டும் இன்ஜினிலேயே நிற்கும். முதலில் இறுக்கத்தை உடைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு வேண்டுமானால் துளையிடுங்கள். அந்த வரிசையில் செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஃபில்டர் இறுக்கம் விட்டதை உறுதி செய்யாமல் ட்ரெயின் போல்ட்டைக்கூடத் தொடவேண்டாம் என்பேன்.

காப்பித்தோட்டம் எழுதியது:

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்து ஜீப்புக்கு நானேதான் எண்ணெய் மாற்றுகிறேன். இங்கே இரண்டு விஷயங்கள் சமவெளியிலிருந்து மாறுபடும். முதலாவது குளிர். சேலத்தில் சித்திரை வெயிலில் வண்டி நின்ற இடத்திலேயே எண்ணெய் இளகிக் கிடக்கும். எங்கள் மார்கழிக் காலையில் அது பாகு போல இறங்கும். அதனால் ஐந்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் போல்ட்டைத் தொடுவேன். மலையேறி வந்த கையோடு கழற்றுவது பெரும் தவறு. அந்தச் சூட்டில் எண்ணெய் கையில் பட்டால் கொப்பளித்துவிடும். இரண்டாவது சரிவு. சாய்வான முற்றத்தில் எண்ணெய் முழுவதும் வடியாது, எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கும் பொய் சொல்லும், எல்லாவற்றுக்கும் மேலாக ஜாக்கி நழுவும். சமதளம் கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்த பிறகே படுக்கவேண்டும்.

தரைக்கு நான் விரிப்பது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டியதை அவிழ்த்த பின் யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள். நான்கு ஓரத்திலும் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்திவிட்டால் அதுவே ஒரு தொட்டியாகிவிடும். நடுவில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டால் முதுகிலும் எண்ணெய் ஒட்டாது. பேசினுக்குப் பதிலாக 5 லிட்டர் எண்ணெய்க் கேனைப் படுக்க வைத்து மேல்பக்கத்தில் பெரிய சன்னல் போல வெட்டிக்கொள்ளுங்கள். மூடியை இறுக மூடியிருந்தால், பிறகு அதன் கழுத்து வழியாகவே புனலில்லாமல் வேறு கேனுக்கு ஊற்றிவிடலாம். ட்ரெயின் போல்ட்டின் கடைசி மரைகளைக் கழற்றும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, கழன்றது கையில் தெரிந்ததும் சட்டென்று இழுத்துவிட வேண்டும். முதல் வேகத்தில் எண்ணெய் ஒரு சாண் தள்ளிப் போய் விழும், போகப்போக நேர்கீழே வரும். கேனை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

படிந்த கறைக்கு மரத்தூளோ தவிடோ தூவி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டுக் கூட்டி எடுத்து, பிறகு துணி சோப்புத்தூளைக் கெட்டியாகக் குழைத்து நார்ப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு மாதம் ஊறிய சிமென்ட் தரை என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும், அப்போதும் மங்கலாக ஒரு நிழல் நிற்கும். கூட்டிய தவிட்டை மாட்டுக்கு எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

சாக்கடை பற்றி நீங்கள் தயங்கியது சரி. உங்கள் வீட்டிலிருந்து மூக்கனேரி எவ்வளவு தூரம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு உங்கள் ஊரைக் கடப்பதற்குள் படும் பாடு போதாதா? 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேரவேண்டும். டிரம்மில் சேர்த்து அவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக் கேனைக் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் வாங்கமாட்டார்கள். பழைய ஃபில்டரையும் ஒரு நாள் முழுவதும் கவிழ்த்து வடியவிட்டு அதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

கன்னங்குறிச்சி கார்க்காரர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வண்டிக்கு இன்னும் கெடு வரவில்லை என்றாலும், அண்ணன் வண்டிக்கு இன்று காலை மாற்ற வேண்டியிருந்தது; டிப்போ ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். இறுக்கத்தை உடைத்துவிட்டு, எண்ணெயை வடித்து, உறையை மாட்டித் திருப்பியதில் ஃபில்டர் எண்ணெயோடு உறைக்குள் விழுந்தது. ரப்பர் வளையம் இன்ஜினிலேயே நின்றிருந்தது. நீங்கள் எழுதியிராவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். புது எண்ணெயைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, வண்டியைக் கிளப்பி, ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் பார்த்து மீதியை ஊற்றினேன். பேனரில் நான்கைந்து சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். வாசல் கறைக்கு நேற்று இரவே தவிடு தூவிவிட்டேன். அம்மா அதற்குப் பக்கத்தில் தள்ளிக் கோலம் போட்டிருக்கிறார்.