வேலை நடுவில் மனசு இறுகிப்போன நாளில் உங்களுக்கு எது கைகொடுத்தது?

வங்கி காசாளர், கும்பகோணம்:
மாதத்தின் முதல் வேலைநாள், பென்ஷன் கூட்டம். சாயங்காலம் கவுண்டரை மூடி எண்ணினால் 9,000 ரூபாய் குறைகிறது. மூன்று தடவை எண்ணினேன், அதேதான். குறைந்தால் கைக்காசுதான் போட வேண்டும், அந்த மாதம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் வேறு. நான்காவது தடவை எண்ண உட்கார்ந்தபோது ஹெட் கேஷியர் அக்கா நோட்டுக் கட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, முழங்கை வரைக்கும் தண்ணி விட்டுக் கழுவிட்டு, பின்பக்கம் வேப்பமரத்தடியில பத்து நிமிஷம் நின்னுட்டு வா, பணத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். கோபம்தான் வந்தது, ஆனாலும் போய் நின்றேன். திரும்பி வந்து அந்த 9,000த்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார், இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. 45,000 கட்டியவருக்கு 54,000 என்று ஏற்றியிருக்கிறேன். தெரிந்த விஷயம் மூன்று தடவை எண்ணும்போதும் ஏன் தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

ஜவுளிக்கடை ஊழியர், மதுரை:
அண்ணே, உங்களுக்கு வேப்பமரம் இருந்தது. எங்களுக்குத் தண்ணீர் குடிக்கவே யோசனை, குடித்தால் பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேரளாவில் 2018லும் நம் தமிழ்நாட்டில் 2021லும் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் போட்டார்கள், ஆனால் உட்கார்ந்தால் ஒரு பார்வை வரும் பாருங்கள், அதற்குப் பயந்தே யாரும் உட்கார மாட்டோம். ஆடி மாதத் தள்ளுபடியில் ஒரு நாள், கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டது, ஒரு பாட்டிக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் நிதானமாத்தான் பார்ப்பேன், நீ உட்காரு தாயி" என்று சத்தமாகச் சொன்னார், சூப்பர்வைசருக்கும் கேட்கிற மாதிரி. உட்கார்ந்தேன். எடுப்பதற்கு ஒன்றுமே இல்லாத சேலையைக் கூட ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்காகத்தான்.

கால் சென்டர், சென்னை:
என் கதை சின்னது. ஒருவர் போனில் இருபது நிமிடம் கத்தினார், எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது, பக்கத்து சீட் நண்பன் ஒரு தாளில் "மூச்சை மெதுவா விடு" என்று எழுதிக் காட்டினான். இழுப்பதை விட விடுவதுதான் முக்கியம். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு ஏழு எண்ணும் வரை விடுங்கள், மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு தானாகக் கொஞ்சம் மெதுவாகும். ஐந்தாறு தடவை போதும், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்புறம் கண்: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம், அதில் இருக்கிற காஃபீனில் பாதி உடம்பை விட்டு இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே எரிச்சல். சாப்பாட்டை மேசையிலேயே முடிக்காதீர்கள், மாடிப்படியிலாவது போய் உட்காருங்கள். வாட்ஸ்அப் குழுக்களை வேலை நேரத்தில் மியூட் செய்யுங்கள், ஒவ்வொரு "டிங்" சத்தத்துக்கும் தலையைத் திருப்பி மறுபடி வேலைக்குள் வருவதே பெரிய களைப்பு. மதுரை அக்கா, நீங்களும் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும்.

பஸ் கண்டக்டர், திருச்சி:
தம்பி சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பெண் கேட்டது போட்ட ஸ்டூலில் பயமில்லாமல் உட்கார. அதைக் குதிகாலில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். என் டிரைவர் அண்ணன் ஒரு மதியம் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும் என் தோள் பையைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் டிரிப் கணக்குப் பார்க்க அவசரப்பட்டேன். "அஞ்சு நிமிஷம் நானும் பேசல, நீயும் பேசாத" என்றார். எஞ்சின் சத்தம் நின்ற பிறகு என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வங்கி காசாளர், கும்பகோணம்:
தங்கச்சி, நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை, உண்மைதான். ஒருவராகப் போய்க் கேட்காமல் தளத்தில் இருக்கிற எல்லோருமாகப் பேசிப் பார்த்தீர்களா? தொழிலாளர் துறையில் மனுவும் கொடுக்கலாம்.

ஜவுளிக்கடை ஊழியர், மதுரை:
பேசினோம் அண்ணே, ஏழு பேர். இப்போது மதியம் மூன்றிலிருந்து நாலு வரைக்கும் முறை வைத்து உட்காருகிறோம். அந்தப் பாட்டி மறுபடி வந்தால் சொல்லணும்.