ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறது: பழைய 100 சிசி வண்டிக்கு எந்த ரெகுலேட்டரை வாங்குவது?

கேள்வி (பல்லடத்துத் தறிக்காரர்)

வணக்கம். எங்கள் அப்புச்சி 1999 ஆம் ஆண்டில் வாங்கிய 100 சிசி வண்டியை நான் இப்போது ஓட்டி வருகிறேன். சென்ற தை மாதம் வண்டியை முழுவதும் பிரித்து, சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்து, பழைய ஒயரிங்கையே துடைத்துத் திரும்ப மாட்டினேன். அதன்பிறகு மூன்று ஹெட்லைட் பல்புகள் போய்விட்டன. தறிக்குடோனில் இரவு ஷிப்ட் முடித்துக் குண்டடம் பக்கம் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டி வேகமெடுத்ததும் வெளிச்சம் பளீரென்று வெள்ளையாகி, அடுத்த நொடி இருட்டாகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் பல்பின் உட்புறம் புகை படிந்ததுபோல் கறுத்திருக்கிறது. பேட்டரியிலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

வண்டியின் மின்சாரம் அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று முதலில் விலை குறைந்த ஒன்றையும், பிறகு நல்லதாகப் பார்த்து ஒன்றையும் வாங்கி மாட்டினேன். இரண்டிலும் அதே கதைதான். நண்பர் ஒருவர் தம் 150 சிசி வண்டியில் கழற்றிய ஐந்து கம்பி ரெகுலேட்டரைத் தருகிறேன் என்கிறார். அது பெரியது என்பதால் தாங்கும் என்று நினைக்கிறேன். பொருத்தலாமா?

பதில் (காங்கேயத்திலிருந்து ஓர் அன்பர்)

எனக்கும் இப்படி ஆனது. எல்இடி பல்பு போட்டுவிட்டேன், தொல்லை தீர்ந்தது.

பதில் (பெருந்துறை மெக்கானிக்)

தம்பி, ஐந்து கம்பி ரெகுலேட்டரை வாங்கவே வேண்டாம். உங்கள் வண்டியின் மேக்னெட் காயிலில் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) ஒரு முனை இன்ஜின் உடலோடு எர்த் ஆகியிருக்கும். மறு பக்கத்தில் மஞ்சள் கம்பி ஹெட்லைட்டுக்கும், வெள்ளைக் கம்பி பேட்டரி சார்ஜுக்கும் தனித்தனியே வரும். காயிலின் இரு முனைகளும் எர்த்தைத் தொடாமல் வரும் வண்டிக்காகச் செய்யப்பட்ட முழு அலை (ஏசியின் இரு பாதி அலைகளையும் பயன்படுத்தும்) ரெகுலேட்டரை இதில் மாட்டினால், காயிலின் எர்த் முனையைப் பிரித்து வெளியே எடுக்காதவரை அது சரியாக வேலை செய்யாது. ரெகுலேட்டரை அளவு பார்த்து வாங்கக் கூடாது. காயிலிலிருந்து எத்தனை கம்பி வருகிறது, அவற்றில் எது எர்த் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஹோண்டா வகை ஒயரிங்குக்கான நான்கு பின் (இணைப்பு முனை) ரெகுலேட்டர்: பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, மஞ்சள் விளக்கு, வெள்ளை சார்ஜிங். நீங்கள் வாங்கிய இரண்டும் அந்த வகைதான் என்றால், அடுத்தடுத்து மூன்று ரெகுலேட்டர்கள் ஒரே மாதிரி கெட்டன என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

எல்இடி யோசனைக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் கம்பியில் வருவது ஏசி மின்சாரம். கட்டுப்பாடு இழந்த ஏசியில் எல்இடி எத்தனை நாள் இருக்கும் என்பது அந்த பல்பின் அதிர்ஷ்டம். நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடும் வேலை அது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி மூன்று அளவுகளை எடுத்துச் சொல்லுங்கள். முதலாவது, ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது பேட்டரி முனைகளில் உள்ள டிசி வோல்ட். இரண்டாவது, ஹெட்லைட் எரியும்போது மஞ்சள் கம்பியில் ஏசி வோல்ட். ரெகுலேட்டர் அலையை வெட்டுவதால் சாதாரண மீட்டர் இதைத் துல்லியமாகக் காட்டாது, ஆகவே எண்ணைப் பார்க்காமல், முறுக்க முறுக்க ஏறிக்கொண்டே போகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: இன்ஜினை நிறுத்திவிட்டு, ரெகுலேட்டரை ஒயரிங்கோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்துப் பச்சைப் பின்னிலிருந்து இன்ஜின் உடலுக்கு எத்தனை ஓம் என்று அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

அண்ணா, அளந்தேன். பேட்டரியில் ஐடிலில் 13.6 வோல்ட், முறுக்கினால் 15.6 வரை போகிறது. மஞ்சளில் ஏசி நிற்காமல் ஏறியது; நான்காவது பல்பைக் காப்பாற்ற உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டேன். பச்சைப் பின்னில் இணைப்பே இல்லை என்றுதான் மீட்டர் காட்டியது. ஆனால் ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. எர்த் இல்லையென்றால் அவை எப்படி வேலை செய்யும்?

பெருந்துறை மெக்கானிக்

ஹெட்லைட்டும் ஹாரனும் ஒயரிங்கின் வேறு கிளை வழியாக எர்த் எடுக்கின்றன. ரெகுலேட்டருக்கு வரும் கிளை மட்டும் செத்திருக்கிறது.

காந்தம் சுழலும் வேகம் கூடக்கூடக் காயிலில் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். அளவுக்கு மிஞ்சியதை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான் இந்த வகை ரெகுலேட்டரின் வேலை. வாய்க்கால் நிறைந்தால் மிச்சத் தண்ணீரை வெளியேற்ற ஒரு மடை இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் வண்டியில் அந்த மடை அடைபட்டுவிட்டதால், மிஞ்சியது முழுவதும் பல்புக்குப் போகிறது. பேட்டரி நிறைந்துவிட்டதா என்பதையும் அது அதே பச்சைக் கம்பியை ஆதாரமாக வைத்தே அறிகிறது. ஆதாரம் போனதால் சார்ஜ் நிற்காமல் பேட்டரி கொதிக்கிறது.

பவுடர் கோட்டிங்குக்கு முன்பு ஏன் இந்தத் தொல்லை இல்லை என்று கேட்பீர்கள். ரெகுலேட்டரின் பச்சைப் பின்னுக்கும் அதன் அலுமினிய உடலுக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் ஒலித்தால் கதை விளங்கிவிடும். பச்சைப் பின் முன்பே செத்திருக்க, உடலைச் சேசிஸோடு இறுக்கிய போல்ட்தான் இத்தனை நாளும் எர்த்தைக் கொடுத்திருக்கும். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது.

கேட்டவர்

பீப் ஒலித்தது. கப்ளரிலிருந்து பச்சைப் பின்னைச் சிறு ஊசியால் நெம்பி வெளியே எடுத்தேன். பித்தளை முழுவதும் களிம்பேறி, கம்பி நுனி தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. தறி மோட்டாருக்கு ஆண்டு தவறாமல் எர்த் பார்க்கிறவன், வண்டியில் இதை யோசிக்கவே இல்லை.

பெருந்துறை மெக்கானிக்

ரப்பர் உறைக்குள் செம்பு கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை கம்பியை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் குறைந்தால் அதே பருமனுள்ள கம்பியைச் சேருங்கள். புதிய பின்னை ஈயம் வைத்து ஒட்டாமல், கம்பியின் மேல் நசுக்கி இறுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் ஊறி விறைத்த கம்பி வண்டியின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். காப்பாக, ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து இன்ஜின் போல்ட் ஒன்றுக்குத் தனி எர்த் கம்பியும் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பல் வாஷர் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். ரெகுலேட்டரின் துடுப்புகளில் காற்றுப் பட வேண்டும். மறைவாக இருக்கட்டும் என்று சீட்டுக்கு அடியில் திணித்துவிடாதீர்கள்.

பிறகு மூன்று ரெகுலேட்டர்களையும் ஒவ்வொன்றாக மாட்டி அளந்து, முறுக்கும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் சிவப்புக் கம்பியில் மீட்டரைத் தொடராக இணைத்து மின்கசிவும் பாருங்கள். உங்கள் வண்டியில் அது சுழியை ஒட்டியே இருக்க வேண்டும்.

கேட்டவர்

நேற்று இரவு எல்லாவற்றையும் முடித்தேன். அப்புச்சி காலத்து ரெகுலேட்டர் 14.2 வோல்ட்டில் அழகாக நின்றது. அதையே மாட்டிவிடலாம் என்று மனம் ஆசைப்பட்டது. ஆனால் சாவியை அணைத்த பிறகும் அதன் வழியே 30 மில்லி ஆம்பியர் கசிகிறது. என் பேட்டரி 2.5 ஆம்பியர் ஹவர் என்பதால், வண்டி மூன்றரை நாள் நின்றாலே அது காலியாகிவிடும். விலை குறைந்தது 14.9 வரை போனது. இரண்டாவதாக வாங்கியது 14.3 வோல்ட்டில் நிற்கிறது, கசிவும் இல்லை, அதையே மாட்டியிருக்கிறேன். ஹெட்லைட் கம்பியிலும் ஏசி ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வீடு வரை வேகமாகவே ஓட்டி வந்தேன், நான்காவது பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. நன்றி அண்ணா.