குறிஞ்சி இதழ்களுக்கு ஒளிகசியும் பாலிமர் களிமண்

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். நீலக்குறிஞ்சி வடிவக் காதணிகளை ஒளிகசியும் பாலிமர் களிமண்ணில் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) செய்துவருகிறேன். சுட்டபின் இதழ்கள் மஞ்சளாகிவிடுகின்றன. உள்ளே பிறை போன்ற வெண்புள்ளிகளும் தெரிகின்றன. இங்குள்ள மழைக்கால ஈரம்தான் காரணமா, களிமண்ணே சரியில்லையா?

பதில் (குன்னூர்):
சகோதரி, இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். மஞ்சள் நிறம் பெரும்பாலும் மிகுந்த வெப்பத்தால் வருவது. ஓவனின் குமிழில் உள்ள வெப்ப அளவை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைத்துப் பாருங்கள். ஃபீமோ எஃபெக்ட் என்னும் களிமண் வகைக்கு 110 பாகை செல்சியஸும் ஸ்கல்பி பிரீமோ என்னும் வகைக்கு 130 பாகையும் உரியவை என்பதால், உறையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றி, இதழ்களின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்துச் சுடுங்கள். இந்தக் களிமண் பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது; கருகினால் நச்சுப்புகை வரும், சன்னலைத் திறந்துவையுங்கள்.

பதில் (கொடைக்கானல்):
வெண்புள்ளிகளுக்கு, களிமண்ணில் சிக்கிய ஈரமும் காற்றுமே காரணம் என்பது என் அனுபவம். குளிர்காலக் காலைகளில் களிமண் இறுகிவிடும். அப்போது ஈரக்கையால் பிசையாமல், உறையோடு சட்டைப்பையில் வைத்து உடற்சூட்டில் இளக்கிய பிறகு, காற்று புகாதபடி மெல்லிய தகடாக உருட்டுங்கள். தகடு மெலிய மெலியத் தெளிவு கூடும். நிறத்தைக் கடுகளவே சேருங்கள், சுட்டபின் அது அடர்ந்து தெரியும். ஓவனிலிருந்து எடுத்தவுடன் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினால் ஒளி இன்னும் நன்றாகக் கசியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் கையை நனைத்தே பிசைந்துவந்தேன். நாளையே வெப்பமானி வாங்குகிறேன்.