சுவிஸ் குளிருக்குக் கமரா கொண்டு போகிறேன்: லென்ஸில் வெள்ளைப் புகார், திடீரென்று நிற்கும் பற்றரி. உதவி தேவை

உவர்மலைத் தங்கச்சி:

வணக்கம். தை மாதக் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேர்னில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போகிறேன். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அம்மா அண்ணாவை நேரில் பார்த்துப் பல வருஷம், பேரப்பிள்ளைகளைப் போன் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறா, அதனால் இந்தப் பயணத்தில் எடுக்கும் படங்கள் பெரிதாக அச்சடித்து வீட்டுச் சுவரில் மாட்டக்கூடிய படங்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என்னிடம் இருப்பது கெனன் 1300டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். பற்றரி இரண்டு: ஒன்று கமராவோடு வந்தது, மற்றது பிறகு கடையில் வாங்கிய வேறு தயாரிப்பு. போன ஞாயிறு ஏசி அறையில் இருந்த கமராவைப் பையில் போட்டுக்கொண்டு கோணேசர் கோயிலடிக்குப் போனேன். கோட்டைக்குள் மான்கள் நின்றன, நல்ல வெளிச்சமும் இருந்தது, ஆனால் எடுத்த படமெல்லாம் வெள்ளைப் புகாராக வந்தது. லென்ஸைத் துடைத்தால் உடனே திரும்பவும் படிகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. திருகோணமலையிலேயே இப்படி என்றால் பனி கொட்டுகிற இடத்தில் வெளியே எடுத்தவுடன் கமரா பழுதாகிவிடாதா?

இன்னொன்று, கடையில் வாங்கிய பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருப்பதாகக் காட்டும், சில படம் எடுத்தவுடன் கமரா அப்படியே நின்றுவிடும். பிளக், விமானத்தில் பற்றரி கொண்டு போவது, இவையும் எனக்குத் தெளிவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

டொக்யாட் வீதி ஸ்டூடியோ:

தங்கச்சி, முதலில் புகாரைப் பார்ப்போம். உங்கள் லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை. ஏசி அறையில் கமராவின் உடம்பும் கண்ணாடியும் நன்றாகக் குளிர்ந்திருக்கும், எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதுவும் இந்த மாரி நேரத்தில் கேட்கவே வேண்டாம். ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் அதிலிருக்கும் நீராவி நீர்த்துளியாகப் படிகிறது. ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதேதான். கண்ணாடி குளிராக இருக்கும்வரை எத்தனை தரம் துடைத்தாலும் படியும், சூடேறியதும் போய்விடும்.

இப்போது சுவிஸ். வீட்டுச் சூட்டிலிருந்து கமராவை வெளியே பனிக்குள் கொண்டு போவது ஆபத்து இல்லை. அங்கே கமராதான் சூடு, காற்றுக் குளிர், குளிர்காற்றில் நீராவியும் குறைவு, ஆகவே புகார் படியாது. ஆபத்து திரும்பி உள்ளே வரும்போதுதான். வெளியே மணிக்கணக்கில் குளிர்ந்த கமராவோடு சூடேற்றிய வீட்டுக்குள் நுழைந்தால், அதுவும் குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால், கண்ணாடியில் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் மின்சுற்றிலும் ஈரம் படியலாம். இந்தக் கமராவுக்கு ஈரம் புகாதபடி ரப்பர்ச் சுற்று ஒன்றும் கிடையாது. கோயிலடியில் உங்களுக்கு நடந்தது வெளியே போகும்போது, அங்கே நடக்கப்போவது உள்ளே வரும்போது, இதை மட்டும் மாற்றி விளங்கிக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஸிப் வைத்த தடித்த பொலித்தீன் பை, கமரா லென்ஸோடு முழுதாக உள்ளே போகிற அளவில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில், வெளியே நிற்கும்போதே மெமரி கார்டையும் பற்றரியையும் கழற்றி எடுத்துவிட்டு, கமராவைப் பைக்குள் போட்டுக் காற்றை அமத்தி வெளியேற்றி மூடுங்கள். பிறகு உள்ளே போங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், கமராவில் படியாது. ஒன்று இரண்டு மணித்தியாலம் அப்படியே விட்டு, பையைத் தொட்டால் குளிர் தெரியாதபோது திறக்கலாம். கார்டை முதலே எடுக்கச் சொல்வது, அண்ணாவின் பிள்ளைகள் அன்றைய படத்தைப் பார்க்க அவசரப்படுவார்கள், அதற்காகப் பையைத் திறக்கக்கூடாது என்பதற்காக.

தம்பலகாமத்தான்:

அக்கா, போக முதல் கமராவை ஒரு இரவு பிரிட்ஜில் வைத்துப் பார்த்தால் குளிரைத் தாங்குமா என்று தெரியுமே? புகார் படிந்தால் தலை காயவைக்கிற மெஷினால் சூடு பிடித்தால் கெதியாகப் போகும் என்றும் ஒருவர் சொன்னார். பற்றரிக்குப் பவர் பாங்க் இருந்தால் போதும், பஸ்ஸில் இருந்துகொண்டே சார்ஜ் போடலாம்.

டொக்யாட் வீதி ஸ்டூடியோ:

தம்பி, மூன்றுமே வேண்டாம். பிரிட்ஜுக்குள் ஈரம் இருக்கும், வெளியே எடுத்த நிமிஷம் கமரா முழுக்க நனையும், நாங்கள் தவிர்க்கப் பார்க்கிற காரியத்தையே வீட்டில் செய்ததாகிவிடும். சூட்டுக் காற்றுப் பிடித்தால் ஈரம் இன்னும் உள்ளே தள்ளப்படலாம், லென்ஸ் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது கூடாது. அப்புறம் 1300டி கமராவை யூஎஸ்பி வயரால் சார்ஜ் செய்ய முடியாது, அந்த வயர் படங்களை இறக்குவதற்கு மட்டும். பற்றரியைக் கழற்றி அதன் சார்ஜரில்தான் போட வேண்டும்.

தங்கச்சி, உங்கள் இரண்டாவது பற்றரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. லிதியம் பற்றரி பழசாகும்போது, அல்லது உள்ளே இருக்கும் செல் தரம் குறைந்ததாக இருந்தால், அதன் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்குப் பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை, கூடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாக இருக்கும், அதனால் கமரா முழுசு என்று காட்டும். படம் எடுக்கும் கணத்தில் ஃபோகஸ் மோட்டரும் ஷட்டரும் ஒன்றாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சடாரென்று விழும், கமரா பற்றரி முடிந்தது என்று நினைத்து நின்றுவிடும். குளிர் இந்த உள்தடையை இன்னும் கூட்டும். நல்ல பற்றரியே குளிரில் குறையும்: இந்தக் கமராவுக்குக் கெனன் சொல்லும் கணக்கு, 23 பாகையில் ஏறத்தாழ 500 படம், பூச்சியம் பாகையில் ஏறத்தாழ 400. அதுவும் திரைக்கு மேலே இருக்கும் சிறிய கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும், ஆகவே அங்கே திரையைப் பார்த்து எடுக்காமல் துளையில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

முதலில் இரண்டு பற்றரியையும் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்று நடுவில் வீங்கியிருந்தால், அல்லது கமராவுக்குள் போடும்போது இறுக்கினால், அதைப் பாவிக்க வேண்டாம், விமானத்திலும் கொண்டு போக வேண்டாம். வீக்கம் இல்லையென்றால் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு ஒரே மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டே இருங்கள், நிற்கும்வரை. வித்தியாசம் அதில் தெரிந்துவிடும்.

பேர்ன் வாசி (சொந்த ஊர் சாம்பல்தீவு):

தங்கச்சி, ஊர்ப் பிள்ளை இங்கே வருகிறது என்று பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பிளக் விஷயத்தை நான் சொல்கிறேன், கடைக்காரர்கள் ஐரோப்பா அடாப்டர் என்று விற்கிற எல்லாம் இங்கே பொருந்தாது. சுவிஸில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், நம் ஊர் மாதிரியேதான், ஆகவே வோல்டேஜ் மாற்றும் பெட்டி தேவையில்லை. உங்கள் சார்ஜரின் அடியிலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அடித்திருக்கும், பாருங்கள். ஆனால் இங்கே சொக்கெட் வேறு மாதிரி: மூன்று வட்டத் துளை, அதைச் சுற்றி ஆறு பக்கக் குழி. ஜேர்மனியில் பாவிக்கிற தடித்த இரண்டு பின் வட்டப் பிளக் இந்தக் குழிக்குள் போகாது. பெரிய உடம்புள்ள, எல்லா நாட்டுக்கும் என்று விற்கிற அடாப்டரும் பல நேரம் குழியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். உடம்பு தட்டையான, மெல்லிய இரண்டு வட்டப் பின் உள்ள பிளக் மட்டும் சுகமாகப் போகும்.

உங்களுக்கு அடாப்டரே தேவைப்படாமல் போகலாம். இந்தக் கமராவின் சார்ஜர் இரண்டு வகை. ஒன்றில் பின்கள் சார்ஜரிலேயே மடிந்திருக்கும், மற்றதில் எட்டு வடிவத் துளையும் தனி வயரும் இருக்கும். உங்களுடையது வயர் வகை என்றால் சதுர மூன்று பின் வயரை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சார்ஜரை மட்டும் கொண்டு வாருங்கள். அதே எட்டு வடிவ வயர் ரேடியோவுக்கும் பிரிண்டருக்கும் பாவிப்பது, அண்ணா வீட்டில் எங்கேயாவது இருக்கும், இல்லாவிட்டால் கடையில் மலிவாக வாங்கலாம்.

குளிரைப் பற்றியும் ஒரு விஷயம். பேர்ன் நகரத்துக்குள் அந்த மாதத்தில் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும், அது கமராவுக்குப் பெரிய சோதனை இல்லை. யுங்ஃப்ராவ்யோக் போகிறீர்கள் என்றால் கதை வேறு, அந்த ரயில் நிலையம் 3454 மீற்றர் உயரத்தில், காற்றோடு சேர்ந்து கடும் குளிர். கையிருப்புப் பற்றரியை ஜக்கெற்றின் உட்பொக்கற்றில், நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், கமராவில் உள்ளது நின்றால் மாற்றிப் போடுங்கள். கழற்றியதை எறிந்துவிடாமல் அதே பொக்கற்றில் வையுங்கள், சூடேறியதும் இன்னும் கொஞ்சம் தரும். ரைன் நீர்வீழ்ச்சிக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள், மாரியில் தண்ணீர் குறைவு, கோடைப் படங்களைப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம்.

இங்கே தெரியாதவர்களை, அதிலும் பிள்ளைகளை, கேட்காமல் கிட்ட நின்று படம் எடுக்க வேண்டாம். பேர்னில் மதங்களின் இல்லம் என்ற கட்டடத்துக்குள் எங்கள் சைவக் கோயிலும் இருக்கிறது, அம்மாவை அங்கே கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பூசை நேரத்தில் படம் எடுக்க முதல் ஐயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உவர்மலைத் தங்கச்சி:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. சார்ஜரைப் பார்த்தேன், வயர் வகைதான், எட்டு வடிவத் துளை இருக்கிறது. அண்ணாவிடம் கேட்டேன், வயர் வீட்டில் உண்டாம்.

பற்றரிச் சோதனையும் செய்தேன். கமராவோடு வந்தது நீண்ட நேரம் ஓடியது. மற்றது அதில் பாதி நேரமும் தாக்குப்பிடிக்கவில்லை, மேசையில் வைத்தால் இலேசாக ஆடுகிறது, நடு கொஞ்சம் புடைத்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டேன். புதிது வாங்கப்போகிறேன். விமானத்துக்குப் பற்றரியை எந்தப் பையில் போடுவது? எக்ஸ்ரே மெஷினில் கார்டில் உள்ள படம் அழியும் என்று ஒரு மாமி பயப்படுத்துகிறா, உண்மையா? இன்னொன்று, பனியில் எடுக்கும் படம் எல்லாம் சாம்பல் நிறமாக வரும் என்கிறார்களே?

டொக்யாட் வீதி ஸ்டூடியோ:

புடைத்ததைக் குப்பையோடு போட வேண்டாம், குத்தவும் வேண்டாம், எரியக்கூடிய சாமான்களுக்குத் தள்ளி வைத்து, பழைய பற்றரி எடுக்கிற இடத்தில் கொடுங்கள்.

கையிருப்புப் பற்றரியும் பவர் பாங்கும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்யக்கூடாது. நெருப்புப் பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், சாமான் அறையில் முடியாது என்பதுதான் காரணம். அளவு 100 வாட் மணிக்கு உட்பட்டால் விமான நிறுவனத்திடம் முன் அனுமதி தேவையில்லை. உங்கள் பற்றரி 7.4 வோல்ட், 860 மில்லி ஆம்பியர் மணி, பெருக்கினால் 6.4 வாட் மணிதான். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்க் என்றாலும், அதன் செல் 3.7 வோல்ட் என்பதால், 74 வாட் மணி அளவில் நிற்கும். பற்றரியின் உலோக முனைகள் சாவியோடும் சில்லறையோடும் முட்டாமல் அதன் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள், மூடி இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். எக்ஸ்ரேயால் டிஜிட்டல் கார்டுக்கு ஒன்றும் நடக்காது, மாமி சொல்வது பிலிம் ரோல் காலத்துக் கதை, பிலிமுக்கு அது உண்மைதான்.

பனிப் படம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைத்தான். கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளைப் பனி என்றால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும், பனி அழுக்குச் சாம்பலாகும். அதைவிட மோசம், அம்மாவின் முகம். நம்மவர்களின் நிறத்துக்கு அந்தக் குறைப்பு முகத்தைக் கருநிழலாக்கிவிடும், கண்ணும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. பயணத்தின் மிக நல்ல படமாக வர வேண்டியது அப்படிக் கெட்டுப்போக விடக்கூடாது.

ஆட்டோவை விட்டு டயலை பீ (P) என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். பின்பக்கம் ஏவி (Av) என்று எழுதியிருக்கும் பொத்தானை அமத்திக்கொண்டு மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பினால் அளவுகோலில் குறி நகரும், கூட்டல் 1க்குக் கொண்டு வாருங்கள், வெயில் அடிக்கிற பனியென்றால் கூட்டல் ஒன்றரை வரை போகலாம். முகத்துக்குக் கிட்டப் போய் எடுங்கள், பனியைப் பின்னணியாக மட்டும் வையுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழேயிருந்து முகத்தை நிரப்பும், அம்மா வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாலும் அழகாக வரும். வீட்டுக்குள் வந்ததும் குறியைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். இதை நிலாவெளி வெள்ளை மணலில் நடுப்பகலில் இப்போதே பழகலாம், வெளிச்சம் ஏறக்குறைய இதே மாதிரி ஏமாற்றும். மணல் உள்ளே போகாமல் லென்ஸைக் கழற்றாமல் எடுங்கள், வந்ததும் இலேசாக ஈரமான துணியால் உப்பைத் துடையுங்கள்.

பேர்ன் வாசி:

கமராவின் மணிக்கூட்டையும் மாற்றுங்கள், இங்கே மாரியில் இலங்கையைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். அண்ணாவின் போன் படங்களோடு சேர்க்கும்போது வரிசை குழம்பாது.

உவர்மலைத் தங்கச்சி:

சரி அண்ணா. ஸிப் பை இன்றைக்கே வாங்கிவிட்டேன், பற்றரிக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன். மழை விட்ட பகல் பார்த்து அம்மாவையே நிலாவெளிக் கரையில் நிற்கவைத்துக் கூட்டல் 1ஐப் பழகப் போகிறேன், வெள்ளைச் சேலை கட்டினால் இன்னும் கூட்ட வேண்டுமா?

டொக்யாட் வீதி ஸ்டூடியோ:

சேலைக்காகக் கூட்ட வேண்டாம். முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், கன்னத்தின் நிறம் நேரில் உள்ளது மாதிரி இருந்தால் அதுதான் சரியான அளவு. சேலையில் கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை.